48 மணி நேரத்துக்கு முன்பே சொன்னீர்களா?

விமான நிலையக் கவுன்ட்டரில் சக்கர நாற்காலி கேட்டு நிற்பவரிடம் முதலில் வரும் கேள்வி, "புக் பண்ணும்போதே சொல்லியிருந்தீங்களா?" என்பதுதான். சொல்லியிருந்தால் நாற்காலி நிச்சயம் வந்துவிடும் என்று பொருளில்லை. சொல்லாமல் விட்டிருந்தாலோ, அது வராததற்குக் காரணம் தயாராகக் கையில் இருக்கிறது. இந்தச் சின்னக் கேள்விக்குள் பழைய வழக்கு ஒன்று புதைந்து கிடக்கிறது. எளிதில் நடமாட முடியாத ஒருவர் பறப்பதற்கான ஆயத்தத்தைச் செய்ய வேண்டியவர் யார்? பயணியா, விமான நிறுவனமா, விமான நிலையமா, விமானத்தைக் கட்டியவரா? கடந்த அரை நூற்றாண்டில் நால்வர் பெயர்களும் விடையாக முன்வைக்கப்பட்டிருக்கின்றன. புதிய விடை வந்ததும் பழையது ஒழிந்துபோகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இன்றைய பயணி அத்தனைக்கும் ஒரே நாளில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பறக்கத் தகுந்த உடல்

எல்லாவற்றிலும் பழைய விடை மருத்துவருடையது. தன் உடல் பறக்கத் தகுந்தது என்று பயணியே நிரூபிக்க வேண்டும் என்பது அது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான 'அயாட்டா'வின் 'மெடிஃப்' படிவம் இந்தப் பார்வையின் குழந்தை. ஒரு பகுதியைப் பயணி நிரப்ப வேண்டும், இன்னொன்றை அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் நிரப்ப வேண்டும். இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போன்றது. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கும் ஸ்ட்ரெச்சரில் வருபவருக்கும் அது பொருட்படுத்த வேண்டிய விஷயம்தான். ஐந்து வயதில் போலியோ வந்து, நாற்பது வருடமாகக் காலிப்பருடன் நடப்பவரிடமும் அதே சான்றிதழைக் கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நோயும் ஊனமும் அங்கே ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன.

மருத்துவப் பார்வைக்கு முட்டுக்கொடுப்பது பாதுகாப்பு வாதம். புதிய ரக விமானத்துக்குச் சான்றிதழ் தருமுன், கதவுகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, அத்தனை பேரும் 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். மெதுவாக நகர்பவர் மற்றவர்களுக்குத் தடையாகிவிட மாட்டாரா என்ற கேள்வி இங்கிருந்து பிறக்கிறது. அந்தச் சோதனை விதியை எடுத்துப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பங்கேற்பவர்களில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள், 35 சதவீதம் 50 வயதைத் தாண்டியவர்கள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. கைக்குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று பொம்மைகள்கூட உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவராவது இருக்க வேண்டும் என்ற வரி மட்டும் இல்லை. ஆகவே, மாற்றுத்திறனாளிகள் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவார்கள் என்பதற்கும் சரி, மாட்டார்கள் என்பதற்கும் சரி, இந்தச் சோதனையைச் சான்றாகக் காட்ட இயலாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினார்கள். அதற்கு ஆன நேரம் ஏறக்குறைய 18 நிமிடம். 90 விநாடி என்பது சோதனைக்கூடத்து எண் என்பதை அந்த இரவு காட்டியது.

மருத்துவப் பார்வையை எதிர்க்கும் தரப்பின் வேர் லண்டனில் இருக்கிறது. உடலின் குறைபாடு வேறு, சமூகம் அதன்மேல் போடும் தடை வேறு என்று 1976-இல் அங்கிருந்த உடல் ஊனமுற்றோர் அமைப்பு ஒன்று எழுதிவைத்தது. 1980-களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் மைக் ஆலிவர் அதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் கொடுத்தார். இந்தக் கோட்பாட்டுக்கு விமானப் படிக்கட்டைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம். ஏரோபிரிட்ஜ் ஒட்டி நின்றால் அதே பயணிக்கு அதே விமானம் திறந்திருக்கிறது. மைதானத்தில் தள்ளி நின்றால் மூடிக்கொள்கிறது. அவர் கால்களில் எந்த மாற்றமும் நிகழவில்லை. ஆனால் டாம் ஷேக்ஸ்பியர் போன்ற ஆய்வாளர்கள் இந்த மாதிரியை விமர்சித்தபோது சொன்னதும் விமானத்துக்குப் பொருந்தும்: வலியையும் களைப்பையும் சமூகத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. முதுகுத்தண்டு பாதித்தவர் 15 மணி நேரம் ஒரே இருக்கையில் இருந்தால் வரக்கூடிய அழுத்தப்புண்ணை எந்த ஏரோபிரிட்ஜும் தடுப்பதில்லை.

"படி ஏறுவீங்களா?"

இரண்டு தரப்பும் நடைமுறையில் சந்திக்கும் இடம் முன்னறிவிப்பு, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே தர வேண்டியது. டிக்கெட் போடும்போது ஏஜென்ட் இரண்டு கேள்வி கேட்பார், அல்லது கேட்க வேண்டும். "படி ஏறுவீங்களா? உள்ளே சீட் வரைக்கும் நடப்பீங்களா?" படி ஏறுவார், நீண்ட தூரம் மட்டும் நடக்க மாட்டார் என்றால் 'டபிள்யூ-சி-எச்-ஆர்'. படி ஏற முடியாது, உள்ளே நடப்பார் என்றால் 'டபிள்யூ-சி-எச்-எஸ்'. இரண்டும் இயலாது என்றால் 'டபிள்யூ-சி-எச்-சி'. கடைசி எழுத்து ஒன்று மாறினால் நாள் முழுவதும் மாறிவிடும். 'சி' என்று பதிவாகியிருந்தால் குறுகலான நடைவழி நாற்காலியும் தூக்கிவிட இரண்டு ஆட்களும் காத்திருக்க வேண்டும். ஒருவர் அக்குளுக்கடியில் கைகொடுப்பார், மற்றவர் முழங்காலுக்கடியில். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணித் தூக்கி, நெஞ்சிலும் காலிலும் பட்டை கட்டி, இருக்கை வரிசைகளுக்கு நடுவே பின்பக்கமாக இழுத்துப் போவார்கள். 'ஆர்' என்று தவறாகப் பதிவாகியிருந்தால், படிக்கட்டின் அடியில் ஒரு ஊழியரும் சாதாரண நாற்காலியும் மட்டுமே நிற்பார்கள்.

முன்னறிவிப்பை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள்: நாற்காலியை விமானக் கதவுவரை உயர்த்தும் ஆம்புலிஃப்ட் வண்டி ஒன்றுதான் இருக்கிறது, ஆட்கள் ஷிப்டில் வருகிறார்கள், முன்பே தெரிந்தால்தான் ஏற்பாடு செய்ய முடியும். நியாயமான வாதம். பெரிய மின் நாற்காலியுடன் வருபவர் சொல்லாமல் வந்து நின்றால் அவருக்கே கஷ்டம். இதன் பலவீனத்தை வெளிக்கொண்டு வந்தது 2017 ஜூனில் ஜப்பானின் அமாமி தீவில் நடந்த சம்பவம். வனில்லா ஏர் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தின் விமானத்தில் ஏறவிருந்த ஹிதெடோ கிஜிமாவை நாற்காலியோடு தூக்கிச் செல்ல விதி இடங்கொடாது என்று ஊழியர்கள் சொல்ல, அவர் படிக்கட்டில் கைகளை ஊன்றி ஊர்ந்து ஏறினார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஜப்பானியப் பொதுவெளியில் கணிசமானோர் அவரையே குறை சொன்னார்கள்: முன்கூட்டியே ஏன் தெரிவிக்கவில்லை? தெரிவித்திருந்தாலும் தூக்கும் கருவி வந்திருக்காது, ஏனென்றால் அந்த நிறுவனத்திடம் அங்கே அப்போது அது இல்லை. சம்பவம் நடந்த சில வாரங்களில் கருவி வந்துவிட்டது. அறிவிப்பு கேட்பவரிடம் அதை நிறைவேற்றும் வசதி இல்லாதபோது, 48 மணி நேரம் என்பது மறுப்புக்கான கால அவகாசமாகிவிடுகிறது.

பொறுப்பு யார் தலையில்?

சட்டங்கள் இங்கே பிரிகின்றன. அமெரிக்காவில் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில். 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், அரசு நிதியை நேரடியாகப் பெறாத விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1986 கோடையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் அமைப்பு தோற்ற வழக்கு அது. அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றிவிட்டது. அதன்கீழ் வந்த விதிகளில் கவனிக்க வேண்டியது, முன்னறிவிப்பு அங்கே விதிவிலக்கு என்பது. ஆக்சிஜன், 60 இருக்கைக்குக் குறைந்த விமானத்தில் மின் நாற்காலி போன்ற சிலவற்றுக்கு மட்டும் 48 மணி நேரம் கேட்கலாம். சாதாரணச் சக்கர நாற்காலி உதவிக்குக் கேட்கக் கூடாது. ஓட்டை எங்கே என்றால், பாதிக்கப்பட்டவர் இந்தச் சட்டத்தின்கீழ் தானே வழக்குத் தொடர முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. போக்குவரத்துத் துறையிடம் புகார் கொடுத்துவிட்டு, துறை எப்போது அபராதம் போடும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போட்டால் பெரிதாகப் போடுகிறது: 2024 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு விதிக்கப்பட்டது 5 கோடி டாலர்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. அதற்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்க ஒரு சிறு தொகை உண்டு: 18 பவுண்டு. மூளை முடக்குவாதம் உள்ள பாப் ராஸிடம், லண்டன் ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் சக்கர நாற்காலிக்காக 2002-இல் ரயன்ஏர் வசூலித்த கட்டணம் அது. வழக்கு மேல்முறையீடு வரை போய், நிறுவனமும் விமான நிலையமும் சரிபாதிப் பொறுப்பு என்று 2004-இல் முடிந்தது. இருவர் பொறுப்பு என்றால் ஒருவர் பொறுப்பும் இல்லை என்பது நம்மூர் கூட்டுப் பட்டாவைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. 2006-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை, நிலையத்துக்குள் உதவி செய்யும் கடமையை விமான நிலைய நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. செலவை எல்லாப் பயணிகள் கணக்கிலும் பரப்பி, நிறுவனங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சொன்னது. கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு, என் பார்வையில், இந்தத் துறையில் கண்டுபிடிக்கப்பட்ட மிகச் சிறந்த விஷயம். ஆனால் 48 மணி நேர அறிவிப்பை அது விடவில்லை. கைமாற்றும் இடத்தில் கசிவும் இருக்கிறது: அறிவிப்பைப் பெறுவது நிறுவனம், செயல்படுத்துவது நிலையம் அமர்த்திய ஒப்பந்ததாரர். விமானம் தரையிறங்கி எல்லாரும் இறங்கிய பிறகு, காலி இருக்கைகளுக்கு நடுவே உதவியாளருக்காகக் காத்திருக்கும் பயணி இந்தக் கசிவின் உருவம்.

கனடா தொட்டது வேறொரு முனையை. உதவியாளர் இல்லாமல் பயணிக்க இயலாதவருக்கு இரண்டாவது டிக்கெட் எதற்கு என்று 2008 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் கேட்டு, உள்நாட்டு விமானங்களில் ஒரு நபருக்கு ஒரு கட்டணம் என்று ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

இந்தியாவின் அனுபவம்

2012 பிப்ரவரியில், கொல்கத்தாவிலிருந்து கோவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்ட ஜீஜா கோஷ், ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் இருக்கையில் அமர்ந்த பின் இறக்கிவிடப்பட்டார். மூளை முடக்குவாதம் உள்ள அவர் மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்காகப் பணியாற்றுபவர். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 48 மணி நேரக் கேள்வி இந்த வழக்கில் எழவே இடமில்லை. அவரை இறக்கியது ஏற்பாட்டுக் குறையல்ல, பார்வை.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் காகிதத்தில் மோசமானவை அல்ல. நிலையத்தில் உதவி மட்டும் தேவைப்படுபவரிடம் மருத்துவச் சான்று வற்புறுத்தக் கூடாது என்று அவை சொல்கின்றன. 48 மணி நேர முன்னறிவிப்பும் அவற்றில் உண்டு. 2022 மே மாதம் ராஞ்சியில், பதற்றத்தில் இருந்ததாகச் சொல்லி ஒரு சிறப்புக் குழந்தையை இண்டிகோ ஊழியர்கள் ஏற்ற மறுத்ததும், இயக்குநரகம் 5 லட்சம் அபராதம் விதித்தது. ஜூலையில் விதியையும் திருத்தியது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் நினைத்தால், நிலைய மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெற வேண்டும் என்கிறது திருத்தம். ஊழியரின் மனப்போக்குக்கு இது கடிவாளம். அதேநேரம், வாசலில் போன மருத்துவப் பார்வை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று வாதிடவும் இடமிருக்கிறது. இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது.

முன்னறிவிப்புக் கோட்பாட்டை இன்னும் கடுமையாகச் சோதித்தது 2024 பிப்ரவரி 12. நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த ஏர் இந்தியா விமானத்தில் ஒரு முதிய தம்பதி ஆளுக்கொரு நாற்காலி முன்பதிவு செய்திருந்தார்கள். கிடைத்தது ஒன்று. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு உடன் நடந்த 80 வயதுக் கணவர், குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்தார். அந்த மாதக் கடைசியில் 30 லட்ச ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இங்கே பயணி தன் பங்கைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

நாற்காலிகள் ஏன் போதவில்லை என்று கேட்டால், நிறுவனங்கள் தரும் பதில் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் அப்பா அம்மாவுக்கு, பிள்ளைகள் டிக்கெட் போடும்போதே வீல்சேரும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். காலில் பெரிய குறையில்லை. துபாயிலோ ஃபிராங்பர்ட்டிலோ கேட் மாறினால் அறிவிப்பு புரியாது, இமிக்ரேஷன் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயக்கம், அவ்வளவுதான். இது ஏமாற்று என்று பலர் எரிச்சல்படுகிறார்கள். உண்மையில் நடக்க முடியாதவருக்கு நாற்காலி கிட்டாமல் போகிறது என்ற அவர்கள் வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பதற்கு விமானத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சொல் 'வீல்சேர்' மட்டும்தான். கூட்டிச்சென்று உதவுவதற்குத் தனிக் குறியீடு இருந்தாலும், அதைக் கேட்கத் தெரிந்தவர் குறைவு. சில நிறுவனங்களில் அது காசு கொடுத்து வாங்கும் சேவை. தேவையைச் சரியான பெயரில் கேட்க வழி செய்யாமல், தவறான பெயரில் கேட்பவரைத் தண்டிப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

நாற்காலி லக்கேஜா?

மின் சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு அது உடலின் பகுதி. பன்னாட்டுச் சட்டத்துக்கு அது பெட்டி படுக்கை. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பயணப்பொருள் சேதத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 'எஸ்.டி.ஆர்.' (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். உடலுக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலியின் விலை இதைப்போல் பல மடங்கு. செக்-இன் செய்யும்போதே தனி மதிப்பறிக்கை கொடுத்து வரம்பை உயர்த்தலாம் என்பதைக் கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் இந்த வரம்பு செல்லாது; வாங்கிய விலையே கணக்கு. அங்கே பெரிய நிறுவனங்கள் 2018 டிசம்பரிலிருந்து கணக்குக் காட்டத் தொடங்கிய பிறகுதான் அளவு தெரிந்தது. 2023-இல் மட்டும் சேதமான, தொலைந்த, தாமதமான நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் 11,000-க்கு மேல்.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். போயிங் 737-இன் சரக்கறைக் கதவு 90 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. பல மின் நாற்காலிகள் நிமிர்ந்த நிலையில் அதைவிட உயரம். எடை 150 கிலோவைத் தாண்டும். முதுகுப்பகுதி மடங்காவிட்டால் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அதைச் சாய்ப்பவர் அன்றுதான் அந்த மாதிரியை முதன்முறை பார்க்கிறார்; சக்கரத்தை விடுவிக்கும் நெம்புகோல் எங்கே என்று அவருக்குத் தெரியாது. அனுபவப்பட்ட பயணிகள் மெத்தை, கால்தாங்கி, ஜாய்ஸ்டிக் ஆகியவற்றைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்கிறார்கள். எங்கே பிடித்துத் தூக்கலாம் என்று படம் போட்ட அட்டையை நாற்காலியில் கட்டிவைக்கிறார்கள். கதவருகே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி தனிப்பாடம். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் தலா 160 வரை, அதுவும் கேபினுக்குள் கையில். இந்த எண் பேட்டரியின் மேலேயே அச்சாகியிருக்காவிட்டால், நிலையத்தில் வாதாடி வெல்வது அபூர்வம்.

உடன்படிக்கையின் இன்னொரு முகம் 2014-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் தெரிந்தது. கிறிஸ்டோபர் ஸ்டாட் என்ற பயணியின் ஐரோப்பிய உரிமை மீறப்பட்டது, அவர் அவமானப்பட்டார் என்பதில் நீதிபதிகளுக்கு ஐயமில்லை. ஆனால் பன்னாட்டுப் பயணத்தில் மன உளைச்சலுக்கு மான்ட்ரியல் இடம் தராததால் இழப்பீடும் இல்லை என்றார்கள். ஜீஜா கோஷ் பெற்றதை ஸ்டாட் பெற முடியவில்லை.

விமானத்தின் வடிவம்

நான்காவது விடை, கட்டுமானத்தையே கேள்வி கேட்பது. இரட்டை நடைவழி கொண்ட பெரிய விமானங்களில் நாற்காலி நுழையும் கழிப்பறை அமெரிக்க விதிகளில் நெடுநாளாக உண்டு. ஒற்றை நடைவழி விமானத்துக்கு 2023-இல்தான் விதி வந்தது. 125 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட, 2033-க்குப் பிறகு ஆர்டர் செய்யப்படும் அல்லது 2035-க்குப் பிறகு டெலிவரி ஆகும் புதிய விமானங்களுக்கு மட்டும். அதற்குள் ஒற்றை நடைவழி விமானங்கள் கடல் கடக்க ஆரம்பித்துவிட்டன. 2024 இறுதியில் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் 10 மணி நேரத்துக்கு மேல் பறக்கும். முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பயணத்துக்கு 'ஆயத்தமாகும்' பழக்கம் பயணிகளிடையே இன்னும் சில பத்தாண்டு தொடரும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் ஏடிஆர் ரக விமானங்களில் ஏரோபிரிட்ஜுக்கே வழியில்லை. பின்பக்கக் கதவின் சிறு படிக்கட்டுதான் வாசல்.

சொந்த நாற்காலியிலேயே அமர்ந்து பறக்க முடியுமா என்ற கேள்வி இப்போது கற்பனை அல்ல. அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆராய்ந்த வல்லுநர் குழு, தாண்ட முடியாத தொழில்நுட்பத் தடை எதுவும் தென்படவில்லை என்று 2021-இல் அறிக்கை தந்தது. 2023-இல் ஹாம்பர்க் கண்காட்சியில், இருக்கையை மடித்து நாற்காலியைப் பூட்டும் மாதிரி ஒன்றை டெல்டா விமான நிறுவனத்தின் துணை நிறுவனம் காட்டியது. விமான இருக்கை 16 மடங்கு ஈர்ப்பு விசையைத் தாங்க வேண்டும்; எந்தெந்த நாற்காலி தாங்கும் என்பதற்கு முழுமையான சோதனைகள் பாக்கி.

தீராமல் நிற்பவை

முன்னறிவிப்பு முழுக்க ஒழிய வேண்டும் என்று வாதிடுபவர்கள்கூட ஆக்சிஜனுக்கும் பெரிய பேட்டரிக்கும் விதிவிலக்குத் தருகிறார்கள். அந்த அளவில் முன்னறிவிப்பு நிலைக்கலாம். ஆனால் அறிவித்தும் உதவி வராதபோது நிறுவனம் என்ன கொடுக்க வேண்டும் என்பது மேலே பார்த்த விதிகளில் அறிவிப்பின் அளவுக்குத் தெளிவாக எழுதப்படவில்லை. வெளியே தெரியாத குறைபாடுகளுக்கு 2016-இல் கேட்விக் நிலையம் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப்பட்டை பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. சான்று கேட்காத அந்த ஏற்பாடு, கூட்டம் பெருகினால் வீல்சேர் வழியே போகுமா என்பது காலம் சொல்ல வேண்டியது. பிரிட்டனில் விமான நிலையங்களின் உதவித் தரத்தை ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடுகிறது. காத்திருந்த நிமிடங்கள் அதில் கணக்கில் வரும்.

கேபினில் நாற்காலி இடம் பற்றிய விவாதத்தில் நிறுவனங்கள் கேட்கும் கேள்வி, எத்தனை பேர் அதைப் பயன்படுத்துவார்கள் என்பது. இன்று பறப்பவர்களை எண்ணி இதற்கு விடை காண முடியாது. படிவம், குறியீடு, பேட்டரி, கழிப்பறை எல்லாவற்றையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டிக்கெட்டே எடுக்காமல் இருந்துவிட்டவர், எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை.